பயமில்லா வகுப்பறையில் இடது கை

...வராமல் இருந்தால் போதும், வாழைத்தார் வெட்டு இருக்கிறது, பொங்கல் சமயம், லாரிக்காரன் வந்து நின்றுகொண்டு ஹாரன் அடிப்பான், இந்த நேரத்தில் எந்த வாழைக்காரன் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருவான், வரமாட்டார், அப்பா வரவே மாட்டார் என்று ஜீயபுரத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஸ்ரீரங்கத்தில் இறங்குகிற வரைக்கும் அறிவுமதி மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தது அத்தனையும் வீண், அதோ வந்து உட்கார்ந்திருக்கிறார், ஹாலின் பின்பக்கம் பெற்றோருக்குப் போட்ட நாற்காலிகளில், கடைசி வரிசையாக இருந்தாலாவது பரவாயில்லை, முதல் வரிசை, நட்டநடு, புதுச்சட்டை மடிப்புக் கலையாமல், வாழைக்கறை போகாத விரல்களை முழங்காலில் வைத்துக்கொண்டு, நாற்காலி வேறு யாருடையதோ மாதிரி அதன் நுனியில்... திரும்பிப் பார்க்காதே, பார்த்தால் சிரிப்பார், சிரித்தால் பக்கத்து ஆளிடம் சொல்லுவார், அதோ அந்த ரெண்டாவது பெஞ்சு, அதான் நம்ம பொண்ணு, பாத்துக்கிட்டே இருங்க, அது கை கீழ எறங்கவே எறங்காது... ரங்கநாதா, பெருமாளே, ஒரு கரண்ட் கட்டாவது பண்ணேன்.

கரண்ட் போனால் மைக் நிற்கும், பெற்றோரை உட்காரவைத்து நடத்துகிற ஓப்பன் கிளாஸ் நிற்கும், சரி, ஆனால் ஃபேனும் நிற்குமே, ஃபேன் நின்றால் இந்த ஸ்வெட்டருக்குள் இட்லி மாதிரி வெந்துபோவோமே. திருச்சியில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவர் கரஸ்பாண்டென்ட் பாக்கியநாதன் சார். போன வருஷம் வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர் மூன்றாம் பருவம் என்ற பேரை எடுத்துவிட்டு விண்டர் டெர்ம் என்று வைத்தார், பேர் வைத்தால் மட்டும் போதுமா, குளிர வேண்டாமா, அதற்காக ஸ்வெட்டர், மெரூன் கலர், முழுக்கை, கட்டாயம். மலைக்கோட்டைக்குக் கீழே கடைகடையாக ஏறி இறங்கி ஒரு கடையில் கேட்டபோது அந்தக் கடைக்காரர், கொடைக்கானல் டூராம்மா என்றார், இல்லண்ணே ஸ்கூலுக்கு, எந்த ஊரு ஸ்கூலு, ஸ்ரீரங்கம்... அவர் மடித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அப்பா பக்கம் திரும்பிக் குரலைத் தணித்து, பாப்பாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லைங்களா என்று கேட்டார். அப்பா சிரித்தாரா, இல்லை, நிமிர்ந்து நின்றார், எம் பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல இதான் ரூலு என்று சொன்னார், ரூல் கடுமையாக இருக்க இருக்க அப்பாவுக்குப் படிப்பு உசத்தியாகத் தெரியும்.

எதிரே சுவர் முழுக்கத் தொங்குகிற பேனரில் 'பயமில்லா வகுப்பறை: குளிர்கால வளர்ச்சிப் பெருவிழா' என்று கொட்டை எழுத்து, அதற்குப் பக்கத்தில் பேனரில் பாதி உயரத்துக்குக் கரஸ்பாண்டென்ட் சாரின் படம், கை கட்டிக்கொண்டு சிரிக்கிற படம், நேரில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தினமும் பிரேயரில் எல்லாரும் எழுந்து நின்று 'எங்களுக்குப் பயமில்லை' என்று சொல்ல வேண்டும், சத்தம் குறைந்தால் அவர் மைக்கைத் தட்டுவார், மறுபடியும் என்பார், அந்த மறுபடியும் என்ற ஒரு வார்த்தையில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒருநாள் பாவாடையை நனைத்துவிட்டது, அப்புறம் எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினார்கள், எங்களுக்குப் பயமில்லை, எங்களுக்குப் பயமில்லை... வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த, பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்து, என்னடி ஆச்சு, யாராவது அடிக்கறாளா என்று கேட்டாள்.

பயமில்லா வகுப்பறை என்றால் என்ன என்று டீச்சர்களுக்கு மீட்டிங் போட்டுச் சொன்னாராம், கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளையும் கை தூக்க வேண்டும், கை தூக்காத பிள்ளை ஒன்றுகூட என் பள்ளியில் இருக்கக் கூடாது. ஆனந்தவள்ளி மிஸ் என்ன செய்வாள் பாவம், அறிவியல் மிஸ், அதிர்ந்து பேசத் தெரியாத மிஸ், போன வருஷம் இருந்த மிஸ் ஒரு ஓப்பன் கிளாஸ் சொதப்பியதும் மறுநாளிலிருந்து வரவேயில்லை, உடம்பு சரியில்லை என்று சொன்னார்கள், ஆனால் பக்கத்தில் உட்காருகிற வைஷ்ணவி அவரைச் சாத்தார வீதியில் நன்றாகக் கத்தரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாளே... அதனால் மிஸ் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள், இதோ பாருங்கடா கண்ணுகளா, யாரும் தலை குனிய வேண்டாம், எல்லாரும் கை தூக்குங்கோ, பதில் தெரிஞ்சவா வலது கை, தெரியாதவா இடது கை, நான் வலது கைகளை மட்டும்தான் கேப்பேன், இடது கையை சத்தியமா கேக்க மாட்டேன், வெளியில மூச்சு விடப்படாது. அன்றைக்கு அது எவ்வளவு பெரிய கருணையாக இருந்தது, ஜூலை மாதம், அறிவுமதிக்கு இடது கை, பக்கத்தில் வைஷ்ணவிக்கும் இடது கை, சித்தார்த்துக்கு வலது, அவன் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் சொல்லுவான், தப்பைக்கூட இங்கிலீஷில் சொல்லுவான், இங்கிலீஷில் சொன்னால் தப்பு அவ்வளவாகத் தெரியாது.

நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, ஆகஸ்டில் இந்த வருஷத்து முதல் ஓப்பன் கிளாஸ் வருகிற வரைக்கும். அப்பா வந்தார், கடைசி வரிசையில் நின்றுகொண்டே பார்த்தார், கேள்விக்குக் கேள்வி மகளுடைய கை மேலே போவதைப் பார்த்தார், வலதா இடதா என்று யார் பார்ப்பார்கள், கை என்றால் கை. அன்றைக்குச் சாயங்காலம் ஜீயபுரம் டீக்கடையில் அதுதான் பேச்சு, பிச்சமுத்து மவ இருக்குல்ல, கிளாஸ்ல அது கை எறங்குனா கேளு... டீக்கடைக்காரர் மறுநாளே, ஏம் பாப்பா கை வலிக்கலையா என்றார், பஸ் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது, கையத் தூக்கு பாப்பா என்று கிண்டல் செய்தார், அம்மா மட்டும், வீட்ல ஒரு டம்ளரத் தூக்க மாட்டா, அங்க போயித் தூக்குறாளாம் என்றாள், அம்மாவுக்கு ஏதோ மூக்கில் வேர்த்திருக்கும், அம்மாக்களுக்கு வேர்க்கும். அப்பாவுக்கு வேர்க்கவில்லை. சோறு சாப்பிடும்போதே பாதியில் நிறுத்தி, எல்லாத்துக்கும் தூக்குனியேம்மா, எல்லாமா தெரியும் என்று கேட்டார், கேள்வியாகக் கேட்கவில்லை, சாமிகிட்டப் பேசுகிற மாதிரி கேட்டார். தெரியும்ப்பா என்று வந்துவிட்டது வாயில். அந்த ஒரு வார்த்தை... அன்றையிலிருந்து வயிற்றில் ஏதோ உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பயத்தில்தான் படித்தாள். ஆசையால் இல்லை, யாரோ ஊக்கம் கொடுத்ததால் இல்லை, பேனரில் போட்டிருக்கிற வளர்ச்சியால் சத்தியமாக இல்லை, என்றைக்காவது அப்பா ஒரு கேள்வி கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள், பாடத்தைப் படித்தாள், பாடத்துக்குப் பக்கத்தில் பெட்டி கட்டி 'உங்களுக்குத் தெரியுமா' என்று போட்டிருக்குமே, யாரும் படிக்காத பெட்டி, அதையும் படித்தாள், அப்பா பெட்டிக்குள்ளிருந்து கேட்டுவிட்டால்? அரையாண்டில் அறிவியலில் அவள் வாங்கின மார்க்கைப் பார்த்து மிஸ்ஸே பேப்பரை இரண்டு தடவை திருப்பினாள். கரஸ்பாண்டென்ட் சார் அதையும் எடுத்துக்கொண்டார், பயமில்லா வகுப்பறையின் பலன் என்று பிரேயரில் சொன்னார், அறிவுமதி மேடையில் ஏறி நின்று கைதட்டு வாங்கினாள், வாங்கும்போதும் மனசுக்குள் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

சரி, தெரிந்துவிட்டதே, இனிமேல் வலது கை தூக்கலாமே... கேட்டாளே, போன வாரம் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, மிஸ் நான் வலது கைக்கு மாறிக்கட்டுமா என்று கேட்டாளே. மிஸ் புளியோதரை டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள், சந்தோஷம் வந்தது முகத்தில், உடனே பயம் வந்து அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது, இப்பப் போய் மாத்தினா எனக்குக் குழம்பிடும்டா கண்ணு, யார் யார் எந்தக் கைன்னு மனசுல பதிய வெச்சிருக்கேன், நீ மாறினா இன்னும் நாலு பேர் மாறணும்பா, பெருவிழா முடியட்டும், தை பொறந்ததும் நீ வலது, சரியா? சரி மிஸ். தை பிறந்தால் வழி பிறக்கும். தை பிறக்க இன்னும் மூன்று நாள் இருக்கும்போது அப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஓப்பன் கிளாஸ் ஆரம்பித்துவிட்டது, நீர்ச்சுழற்சி, மிஸ் குரல் மைக்கில் வேறு யாருடையதோ மாதிரி, மிஸ்ஸும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள், பட்டுப்புடவைக்கு மேல். சிறப்பு விருந்தினர் பக்கவாட்டில் ராஜா நாற்காலியில், பிலோமின்ராஜ், கல்விச் சிந்தனையாளர், பேரைச் சொல்லும்போதெல்லாம் கல்விச் சிந்தனையாளர் என்று சேர்த்துச் சொன்னார்கள், என்ன சிந்தித்தார் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை, போர்த்தின பொன்னாடையைக் கழற்றினால் மரியாதை இல்லை என்று அவரும் வெந்துகொண்டிருந்தார். முதல் கேள்வி, ஒரு வாரமாக ஒத்திகை பார்த்ததுதான், நீர் ஆவியாவதை என்னவென்று சொல்லுவோம், கைகள் போயின மேலே, சரசரவென்று ஒரே மெரூன் காடு, பெற்றோர்கள் பக்கம் 'ஆஹா' என்று ஒரு மூச்சு. அறிவுமதியின் இடது கையும் மேலே. பதில் தெரிகிறது, நாக்கு நுனியில் இருக்கிறது, கை மட்டும் தெரியாது என்கிறது. மிஸ் ஒரு வலது கையைக் கூப்பிட்டாள். இரண்டாவது கேள்வி, இடது கை, இன்னொரு வலது கை. மூன்றாவது... முதுகில் ஏதோ ஊர்கிறது, அப்பாவின் பார்வை, ஏன் எம் பொண்ணக் கேக்கல என்கிற பார்வை, திரும்பாமலே தெரிகிறது, நாற்காலி ஒருதரம் கிறீச்சிட்டது, கனைப்பு, வயலில் அக்கரை ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் கனைப்பாரே அந்தக் கனைப்பு. வேண்டாம்ப்பா. உட்காருங்கப்பா. வெளியே மைதானத்தில் சமத்துவப் பொங்கல் பானையில் ஏதோ அடிப்பிடிக்கிற வாசனை, கிண்டுங்கடீ என்று ஒரு குரல், நீ கிண்டேன் என்று இன்னொரு குரல், அங்கே போய் அடிப்பிடித்த பானையோடு நின்றால்கூடத் தேவலை...

அப்போதுதான் சிந்தனையாளருக்குச் சிந்தனை வந்தது. மைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார், ஒரே ஒரு கேள்வி நானும் கேக்கலாமா செல்லங்களா என்றார், கரஸ்பாண்டென்ட் சாருக்கு வேட்டி நெகிழ்ந்த மாதிரி இடுப்பில் கை போனது. நான் காலைல காவிரிப் பாலத்துல வந்தேன், ஒரே மூடுபனி, மலைக்கோட்டையே காணோம், இங்க வந்து டிபன் சாப்பிட்டு வெளிய பாக்கறேன், பனியக் காணோம், மலைக்கோட்டை இருக்கு... பனி எங்க போச்சு? யார் சொல்றீங்க?

யாரும் ஒத்திகை பார்க்காத கேள்வி. ஆனால் கைகளுக்கு அது தெரியுமா, பழகின கைகள், அத்தனையும் மேலே போயின, வலதுக்காரன் வலது, இடதுக்காரி இடது, சித்தார்த் முகம் வெளுத்துப்போயிருக்கிறது, கை மட்டும் கம்பம் மாதிரி நிற்கிறது. அறிவுமதிக்குத் தெரியும். நிஜமாகவே தெரியும். தினமும் காலையில் பஸ் ஜன்னலில் பார்க்கிற பனிதானே, வாழைத் தோப்புக்கு மேலே வேட்டி உலர்த்தின மாதிரி கிடக்கும், வெயில் ஏற ஏறக் காணாமல் போகும், எங்கே போகிறது என்று ஒருநாள் பயமாகவே இருந்தது, பெட்டியில் போட்டிருந்தது: எங்கேயும் போகவில்லை, பொடிப்பொடி நீர்த்துளிதான் பனி, வெயில் பட்டதும் ஆவியாகிக் காற்றோடு கலந்து இங்கேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்ல வேண்டும், இதை ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்பாவிடம் சொன்ன பொய் பொய்யில்லாமல் போய்விடும், ஆகஸ்டிலிருந்து வயிற்றில் உட்கார்ந்திருப்பது எழுந்து போய்விடும்... இடது கை இறங்கியது, யார் இறக்கினது, வலது கை எழுந்தது, ஸ்வெட்டர் கக்கத்தில் இழுத்தது, எழுந்தேவிட்டது. வைஷ்ணவி பக்கத்திலிருந்து, ஏய் லூசு, கை மாறிப்போச்சுடி என்றாள் உதட்டை அசைக்காமல்.

மிஸ் பார்த்தாள். பார்த்ததும் கண்ணில் ஒரு பதற்றம், ஐயோ குழந்தை பயத்தில் கையை மாற்றித் தூக்கிவிட்டதே என்கிற பதற்றம், அறிவுமதிக்கு அது புரிந்தது, இல்லை மிஸ், மாறவில்லை, தெரிந்துதான் என்று தலையை ஆட்டினாள், தலை ஆடினதை மிஸ் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள், என்னைக் கேட்காதீர்கள் மிஸ் என்று கெஞ்சுகிறதாக எடுத்துக்கொண்டாள், பயப்படாதே நான் கேட்க மாட்டேன் என்று இமையால் ஒரு சத்தியம் செய்துவிட்டுப் பார்வையைத் தாண்டிக் கொண்டுபோனாள். சித்தார்த், நீ சொல்லு. சித்தார்த் எழுந்தான், அவனுக்கென்று கொடுத்து வைத்திருந்த பதில் இன்னும் செலவாகாமல் இருந்தது, அதை எடுத்துவிட்டான், பிரெசிப்பிடேஷன் இஸ் தி ப்ராசஸ் பை விச்... மழை கீழே விழுகிற கதை, பனி மேலே போன கேள்விக்கு மழை கீழே விழுகிற பதில், மூச்சு விடாமல், ஏற்ற இறக்கத்தோடு. சிந்தனையாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, எக்ஸலண்ட் என்றார். கரஸ்பாண்டென்ட் சார் கைதட்டினார், ஹாலே தட்டியது, மிஸ்கூடத் தட்டினாள், முடிந்தது, தப்பித்தோம், எல்லாரும் தப்பித்தோம், கையை இறக்கு அறிவுமதி, இறக்கு...

ஐயா, என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்பா குரல்தான், ஆனால் அப்பா குரல் மாதிரி இல்லை, அக்கரைக்குக் கேட்கிற குரல் நாலு பெஞ்சு தாண்டி வருவதற்குள் நடுங்கிக்கொண்டு வந்தது. கோவிச்சுக்காதீங்க ஐயா, எம் பொண்ணும் மொத கேள்விலேர்ந்து கையத் தூக்கிக்கிட்டே இருக்குது, கை கடுத்துப்போயிருக்கும், அதையும் ஒருவாட்டி கேட்டீங்கன்னா... கேட்டுட்டீங்கன்னா நான் கெளம்பிருவேன், லாரி நிக்குது. யாரோ சிரித்தார்கள். கரஸ்பாண்டென்ட் சார் பேனரில் இருக்கிற சிரிப்பை முதல்முதலாக நேரில் சிரித்தார், பார்க்கப் பயமாக இருந்தது. சிந்தனையாளர் பெருந்தன்மையாகக் கையை விரித்தார், தாராளமா, தாராளமா, அதே கேள்விதான், அந்தக் குட்டியும் சொல்லட்டுமே, பனி எங்கம்மா போச்சு?

எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள், தெரியவில்லை. மைக் கைக்கு வந்துவிட்டது, வழுக்குகிறது. சொன்னால் சித்தார்த் சொன்னது தப்பு என்றாகிவிடும், தப்புக்குக் கைதட்டினவர்கள் எல்லாரும் தப்பு, எக்ஸலண்ட் தப்பு, மிஸ்? நாளைக்கு மிஸ்ஸுக்கும் உடம்பு சரியில்லாமல் போய்விடுமா, சாத்தார வீதியில் கத்தரிக்காய்... சொல்லாமல் நின்றால் பின்னால் நிற்கிறாரே, நின்றுகொண்டுதான் இருப்பார், உட்கார்ந்த சத்தம் கேட்கவில்லை, புதுச்சட்டை... சித்தார்த் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிடலாமா, பாதி ஞாபகம் இருக்கிறது, தட்டுவார்கள், அப்பாவும் தட்டுவார், டீக்கடை வரைக்கும் தட்டிக்கொண்டே போவார். மிஸ், நீங்களே சொல்லுங்கள், கண்ணாலாவது சொல்லுங்கள், எதைச் சொல்ல?

மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் கரும்பலகையை ஒட்டி நின்றாள், வலது கையில் சாக்பீஸ், இடது கை கழுத்துச் சங்கிலியைத் தேடுகிற மாதிரி எழும்பி, சங்கிலியைப் பிடிக்காமல், தோள் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கையை மிஸ் பார்க்கவில்லை. அறிவுமதி பார்த்தாள். மிஸ்ஸுக்கு... மிஸ்ஸுக்கும் தெரியாதா? சித்தார்த் சொன்னது சரியா தப்பா என்று தெரியாமலேதான் தட்டினாளா? கரஸ்பாண்டென்ட் சாரின் உள்ளங்கைகள் இப்போதே ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு தயாராக இருந்தன, சிந்தனையாளர் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையாட்ட ஆரம்பித்துவிட்டார், எதைச் சொன்னாலும் தட்டப்போகிறார்கள், எக்ஸலண்ட் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அப்படியென்றால் இனிமேல் இவள் சொல்லப்போவது சரியா தப்பா என்று இந்த ஹாலில் யாருக்கும் தெரியப்போவதில்லை, கண்டுபிடிக்கிறவர் யாரும் இல்லை, இத்தனை நாள் பயந்தாளே தப்பைப் பிடித்துவிடுகிற ஒருத்தருக்கு, அப்படி ஒருத்தர் இங்கே இல்லவே இல்லை, இவளுக்கு மட்டும்தான் தெரியும், இவளுக்கு மட்டும். முழுக்கை ஸ்வெட்டருக்குள் அறிவுமதிக்கு முதல்முதலாகக் குளிர்ந்தது. மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். பனி, என்றாள்... பனி எங்கயும் போகல சார்...